கூப்பிடு தூரம்

சில ஆண்டுகளுக்கு முன் மதுரைக்கு வடகிழக்கே, மாங்குளம் என்னும் ஊருக்கு அருகிலுள்ள குன்றைக் காணச் சென்றிருந்தேன். பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயர் பொறித்த மிகப் பழைய தமிழ்க் கல்வெட்டுகள் அக்குன்றின் குகைகளில் உள்ளன. வழியில் ஒரு கண்மாய்க் கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவரைக் கண்டு, "ஐயா, மலையடிவாரத்துக்கு இன்னும் எவ்வளவு தூரம்?" என்று வினவினேன். அவர் தலையை நிமிர்த்தாமலே, "இந்தா, கூப்பிடு தூரந்தேன் தம்பி" என்றார். பத்து நிமிடத்தில் சேர்ந்துவிடலாம் என்று மகிழ்ந்து நடந்தேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. வெயிலும் ஏறிற்று. பெரியவர் நம்மை ஏமாற்றிவிட்டாரே என்ற எண்ணம் அன்று என் உள்ளத்தில் எழுந்தது உண்மை. அவர் சொன்னது பொய்யன்று என்பதை மாலையில் அறிந்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

கல்லூரியில் ஆங்கிலம் பயிலும் மாணவர்கள், அருகாமையைக் குறிக்க அம்மொழியில் பெருவழக்காக உள்ள ஒரு தொடரை அறிவார்கள். 'எ ஸ்டோன்ஸ் த்ரோ' என்பது அத்தொடர். கல்லை எடுத்து எறிந்தால் போய் விழும் தூரம் என்பது பொருள். 'என் வீடு நிலையத்திலிருந்து கல்லெறி தூரந்தான்' என்று ஆங்கிலேயர் சொன்னால், யாரும் கல்லை எடுத்து எறிந்து பார்ப்பதில்லை. மிக அருகில் என்று கொள்வர். அளவையாகப் பிறந்த சொல் மரபுத்தொடராக நின்றுவிட்டது. தேர்வில் இதைத் தமிழாக்கச் சொன்னால் நம் மாணவர் பெரும்பாலோர் 'கூப்பிடு தூரம்' என்றே எழுதுவர். அது தவறன்று. ஆயினும் கல்லெறிவதும் கூப்பிடுவதும் ஒன்றல்ல. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில் ஒரு வரலாறு அடங்கியிருக்கிறது.

கல்லெறி தூரம் என்பது இங்கிலாந்தில் முளைத்த வழக்கன்று. கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ், கி.மு. 418-இல் மாண்டினீயா என்னுமிடத்தில் நடந்த போரைக் கூறுமிடத்து, படை கல்லெறியும் தூரம் வரை, ஈட்டியெறியும் தூரம் வரை நெருங்கியது என்கிறார். பிற்காலத்தே, கிரேக்க மொழியில் எழுதப்பட்ட லூக்காவின் நற்செய்தி, இயேசுநாதர் தம் சீடரை விட்டு எவ்வளவு தூரம் விலகிப் போய் இறைவனை வேண்டினார் என்பதற்கும் இதே அளவைக் கூறுகிறது. 1526-இல் வில்லியம் டிண்டேல் ஆங்கிலத்தில் ஆக்கிய புதிய ஏற்பாட்டிலும் இவ்வளவே நிற்கிறது. தமிழ் விவிலியத்திலும் 'கல்லெறி தூரம்' என்றே நிற்கிறது. ஆக, கையிலுள்ளதை எறிந்தால் எதிரியின்மேல் படுமா என்று கண்ணால் கணிக்கும் படைவீரனின் அளவாக இது துசிடிடீசிடம் நமக்குக் காட்சி தருகிறது.

நம் கூப்பிடு தூரமோ வெறும் பேச்சுவழக்காக மட்டும் இருந்ததன்று. கணக்காயர் கையில் அது ஒரு முறையான நீட்டலளவை. திண்ணைப் பள்ளிகளில் வழங்கிய வாய்பாடுகள் ஊருக்கு ஊர் சிறிது வேறுபடும். பரவலாக வழங்கியது இது: பன்னிரண்டு விரல் கொண்டது ஒரு சாண், இரண்டு சாண் ஒரு முழம், நான்கு முழம் ஒரு கோல், ஐந்நூறு கோல் ஒரு கூப்பிடு, நான்கு கூப்பிடு ஒரு காதம். முழத்தை ஒன்றரை அடியாகக் கொண்டால் ஒரு கோல் 6 அடி. ஒரு கூப்பிடு 3000 அடி. இன்றைய அளவில் ஏறத்தாழ 900 மீட்டர். விரலில் தொடங்கிக் கை வழியே ஏறிச் சென்ற அளவு, ஓரிடத்தில் கையை விட்டுக் குரலைப் பற்றிக்கொள்வதைப் பாருங்கள். உடல் எட்டாத இடத்துக்கு மனிதனின் ஓசை எட்டுகிறது.

இந்த அளவை நமக்கு மட்டும் உரியதும் அன்று. வடநாட்டில் இன்றும் முதியோர் வாயில் வழங்கும் 'கோஸ்' என்ற சொல், 'குரோசம்' என்ற வடசொல்லின் சிதைவு. அச்சொல்லின் வேர்ப்பொருள் கூவுதல், அலறுதல் என்பதே. கி.பி. ஏழாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங், நம் நாட்டு அளவைகளைக் குறித்துவைக்கும்போது, பசுவின் கதறல் கேட்கும் தூரமே ஒரு குரோசம் என்றும், அது ஐந்நூறு வில் கொண்டது என்றும், ஒரு வில் நான்கு முழம் என்றும் எழுதியிருக்கிறார். நம் வாய்பாட்டை இத்துடன் ஒப்பிடுக. அங்கே நான்கு முழம் ஒரு வில். இங்கே நான்கு முழம் ஒரு கோல். அங்கே ஐந்நூறு வில் ஒரு குரோசம். இங்கே ஐந்நூறு கோல் ஒரு கூப்பிடு. எண்கள் அச்சாக ஒத்திருக்கின்றன. காஞ்சி வரை வந்து, பாண்டிய நாட்டைப் பற்றியும் 'மலகூடம்' என்ற பெயரால் குறிப்பு எழுதிய அப்பயணி, மதுரைத் திண்ணைப் பள்ளி ஒன்றில் அமர்ந்திருந்தால் வாய்பாட்டைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்திராது. பசுவின் குரலுக்குப் பதில் மனிதனின் குரல் என்பதே வேறுபாடு.

ஆனால் காதத்துக்கு வந்ததும் கணக்கு நம்மைக் கைவிட்டுவிடுகிறது. மேற்சொன்ன வாய்பாட்டின்படி ஒரு காதம் 12,000 அடி. அதாவது இரண்டேகால் மைலுக்குச் சற்று மிகுதி. அகராதிகள் சிலவோ ஒரு காதம் ஏறத்தாழப் பத்து மைல் என்கின்றன. இரண்டுக்கும் எவ்வளவு இடைவெளி! எது சரி என்று காண நம் மதுரையையே சான்றாக அழைக்கலாம். சிலப்பதிகாரத்தில் கண்ணகி, புகாரை விட்டுப் புறப்பட்டு ஒரு காவதம் நடந்த அளவிலேயே களைத்துப்போய், மதுரை மூதூர் எங்கே இருக்கிறது என்று கணவனைக் கேட்கிறாள். கோவலன் முப்பது காதம் என்று சொல்லவேண்டும். அவன் அந்த எண்ணை ஒரே மூச்சில் சொல்லாமல் ஆறும் ஐந்துமாக உடைத்துச் சொல்லி, 'நணித்து' என்கிறான்; அருகில்தான் இருக்கிறது என்று பொருள். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்கிறான். அச்சிரிப்பில் எவ்வளவு துயரம் மறைந்திருக்கிறது என்பதை ஆசிரியரிடம் கேட்டுப் பயில்க. நாம் இங்கே கணக்கை மட்டும் பார்ப்போம். பூம்புகாரிலிருந்து திருச்சிராப்பள்ளி வழியாக மதுரைக்கு இன்று 250 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். வாய்பாட்டுக் காதத்தால் முப்பதைப் பெருக்கினால் 110 கிலோமீட்டர்தான் வருகிறது. பத்து மைல் காதத்தால் பெருக்கினால் 480 கிலோமீட்டர் ஆகிவிடும். இரண்டும் பொருந்தவில்லை. இளங்கோவடிகளின் காதம் எட்டு, ஒன்பது கிலோமீட்டராக இருந்திருந்தால் கணக்கு ஒருவாறு நேராகும். காதம் இடந்தோறும் காலந்தோறும் நீண்டும் குறுகியும் வந்திருக்கிறது என்பதே உண்மை. நடப்பவனின் காலைப் பொறுத்தது அது.

காதத்தை நம் முன்னோர் வாயால் மட்டும் சொல்லவில்லை, கல்லிலும் வெட்டினர். தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கற்களுள் ஒன்று, நாவற்றாவளம் என்ற ஊருக்கு 29 காதம் என்று அறிவிக்கிறது. எழுத்தறியாத வழிப்போக்கர் என்ன செய்வர் என்று அந்தக் கல்லை நட்டவர் எண்ணிப் பார்த்திருக்கிறார். பத்துக்கு ஒன்றாக இரண்டு பெருங்குழிகளும், ஒன்றுக்கு ஒன்றாக ஒன்பது சிறுகுழிகளும் கல்லில் குடைந்து வைத்திருக்கிறார். இருட்டில் வருபவன் கையால் தடவியே தொலைவை அறியலாம். என் கருத்தில், பெரிய கோபுரம் எழுப்புவதற்குச் சிறிதும் குறையாத அரசியற் செயல் இது.

இனி, கூப்பிடு தூரத்தைத் தொடராகக் கோத்துப் பார்த்த கதை ஒன்று மதுரையில் உண்டு. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர், திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் உச்சிக்கால வழிபாடு முடிந்த பின்னரே உணவு கொள்வார் என்றும், அதை அறிவிக்க அங்கிருந்து மதுரை வரை வழிநெடுக மண்டபங்கள் கட்டி மணிகள் தொங்கவிட்டிருந்தார் என்றும் செவிவழிச் செய்தி கூறுகிறது. ஒரு மண்டபத்து மணியோசை அடுத்த மண்டபத்துக் காவலன் காதில் விழும். அவன் தன் மணியை அடிப்பான். இப்படியே ஓசை அரண்மனைக்கு வந்து சேரும். அச்சாலையில் ஆங்காங்கே நிற்கும் பழைய கல் மண்டபங்களைக் காட்டி மக்கள் இதைச் சொல்வர். அவற்றுள் பல வழிப்போக்கர் தங்க எழுந்தவையாகவும் இருக்கலாம். செவிவழிச் செய்தியைக் கல்வெட்டுப்போல் நம்பிவிடலாகாது. ஆயினும் கதையில் உள்ள கணக்கு சுவையானது. இடைவழி ஏறத்தாழ 75 கிலோமீட்டர். கூப்பிடுக்கு ஒன்றாக மண்டபம் அமைத்தால் எண்பதுக்குச் சற்று மேல் வேண்டும். ஒவ்வொரு காவலனும் கேட்டு, எழுந்து, அடிக்கப் பத்து வினாடி எடுத்தான் என்று கொள்வோம். ஓசை காற்றில் கடக்கும் நேரத்தையும் கூட்டினால் செய்தி ஒரு நாழிகைக்குள் வந்துவிடும். நாழிகை என்பது 24 நிமிடம். குதிரை வீரனால் இது இயலுமா? இயலாது. மனிதக் குரலைவிட மணியோசை தொலைவு செல்லும் ஆதலின், மண்டபங்களும் குறைவாகவே போதும். தந்தியும் தொலைபேசியும் தோன்றுவதற்கு முன்னால், தொலைவை ஓசையால் அருகாக்கும் எண்ணம் நம் மக்கள் உள்ளத்தில் இருந்தது என்பதற்கு, கதையாகவே இருப்பினும், இது சான்று.

அரசர்க்கு மணி, உழவர்க்குத் தொண்டை. மதுரையைச் சூழ்ந்த சமவெளியை மேலூர் வழியாகவோ திருமங்கலம் வழியாகவோ சென்று பாருங்கள். கண்மாய்க்கு அடுத்துக் கண்மாய். இடையிடையே கருவேலும் பனையும். தொலைவில் யானைமலையோ அழகர்மலையோ நீலமாகத் தெரியும். வையை ஆண்டு முழுவதும் ஓடும் ஆறன்று. ஆதலால் மழை நீரைத் தேக்கி, முறைவைத்துப் பாய்ச்சிப் பிழைத்த நாடு இது. மடையைத் திறக்கும் நீர்பாய்ச்சி ஒரு கோடியில் நிற்பான். நீரை எதிர்பார்த்து வயலுக்கு உரியவன் மறுகோடியில் மண்வெட்டியுடன் நிற்பான். இருவரையும் இணைத்தது குரல். கரை கசிந்தால் கூவுவார்கள். பரண்மேல் இருப்பவன் பன்றியைக் கண்டால் கூவுவான். களத்தில் தீப்பிடித்தால் ஊர் முழுவதும் கூவும். ஓட்டமாக ஓடி வந்து உதவக்கூடிய எல்லையே கூப்பிடு தூரம். அதற்கு அப்பால் உள்ளவன் உறவினனாயினும் அவ்வேளைக்கு அயலான்.

இப்போது அந்தப் பெரியவரிடம் திரும்புவோம். குன்றிலிருந்து இறங்கி மாலையில் அவ்வழியே வந்தபோது அவர் அங்கேயே இருந்தார். என் மனக்குறையைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் எழுந்தார், இரு கைகளையும் வாயருகே குவித்து நீட்டி ஒரு குரல் கொடுத்தார். நீர் நிறைந்திருந்த கண்மாயின் மறுகரையிலிருந்து, மலையடிவாரத்திலிருந்து, மறுகுரல் வந்தது. அவருடைய மகனாம். குரல் தண்ணீரின்மேல் நேரே போயிற்று. நான் நடந்தது கரையை முழுதும் சுற்றிய பாதை. அவர் சொன்ன அளவில் பிழையில்லை. எதை அளக்கிறோம் என்பதில் எங்களுக்குள் வேறுபாடு. விஞ்ஞானம் பயில்வோர் இன்னொன்றையும் அறிவர். குளிர்ந்த நீர்ப்பரப்பின் மீதும், மாலையிலும் விடியலிலும், தரையை ஒட்டிய காற்று மேற்காற்றைவிடக் குளிர்ந்திருக்கும்போது ஒலியலைகள் மேலே சென்று சிதறாமல் கீழ்நோக்கி வளையும். ஆதலால் ஓசை நெடுந்தொலைவு கேட்கும். கோடை நண்பகலில் இதே கூப்பிடு சுருங்கிவிடும். வெயிலுக்கும் பனிக்கும் ஏற்ப நீளும் அளவுகோல்! ஆங்கிலேயர் ஆட்சியில் மைல் கல் வந்ததும், பின்னர் 1958-இல் மெட்ரிக் முறை நடைமுறைக்கு வரத் தொடங்கியதும், இத்தகைய அளவுகள் கணக்கேட்டை விட்டு நீங்கியது வியப்பன்று. கோலும் காதமும் மறைந்தன. கூப்பிடு மட்டும் பேச்சில் தங்கிவிட்டது.

இதுவரை கூறியது இனிய பகுதி. ஆனால் வரலாற்று மாணவன் இன்னொரு வினாவையும் கேட்டாக வேண்டும். கூப்பிட்டவர் யார்? கூப்பிடப்பட்டவர் யார்?

முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகள், வரி நீக்கப்பட்ட நிலங்களை அடுக்கிச் சொல்லுமிடத்துத் 'தீண்டாச்சேரி' என்ற பெயரையும் சொல்கின்றன. ஊர்நத்தம் ஓரிடம், சேரி ஓரிடம். மதுரைச் சமவெளியின் ஊர்களிலும் இதே அமைப்பு இருந்தது. சேரி வெகு தொலைவில் வைக்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மடை திறக்கவும், நாற்று நடவும், இறந்த மாட்டை அகற்றவும், பறையறைந்து செய்தி அறிவிக்கவும் அங்குள்ளோர் வேண்டும், கூப்பிட்டவுடன் வரவேண்டும். ஆகவே கூப்பிடு தூரத்தில் வைத்தனர். வந்தவர் தெருவில் நடக்கவோ, கிணற்றைத் தொடவோ, கோயிலில் நுழையவோ கூடாது. இவ்வருகாமை உறவுக்காக ஏற்பட்டதன்று, ஏவலுக்காக ஏற்பட்டது. கூப்பிட ஒரு பக்கத்தாருக்கே உரிமை இருந்தது. மறுபக்கத்திலிருந்து எழுந்த குரல் பலகாலம் கேட்கப்படவே இல்லை.

நகரமும் இதற்கு விலக்கன்று. மதுரையில் தூரத்தைத் திங்கட்பெயர்களால் சொல்வர். கோயிலுக்குள் ஆடி வீதி, அதைச் சூழ்ந்து சித்திரை வீதி, பின் ஆவணி மூல வீதி, பின் மாசி வீதி என்று வளையம் வளையமாக அமைந்த ஊர் இது. மாசி வீதியில் தேர் வடம் பிடித்து இழுப்போர் எழுப்பும் ஒலி கோயில் மதிலுக்கு எட்டும். எனினும் அம்மதிலைத் தாண்டும் உரிமை தாழ்த்தப்பட்டோருக்கு மட்டுமன்றி நாடார் சமூகத்தாருக்கும் மறுக்கப்பட்டிருந்தது. 1897-இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுள் நாடார்கள் சென்றதற்காக வழக்குத் தொடரப்பட்டது. 1899-இல் மதுரை நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றும், 1908-இல் அவர்களுக்கு வெற்றி கிட்டவில்லை. கமுதியிலிருந்து இலண்டன் வரை குரல் சென்றது. கோயில் வாயிலுக்குள் செல்லவில்லை.

1939-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள் காலையில், மதுரை வழக்கறிஞரும் அரிசன சேவைத் தொண்டருமான அ. வைத்தியநாத ஐயர், தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஐவரையும் நாடார் வகுப்பினர் ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுள் புகுந்தார். மேலூருக்கு அருகிலுள்ள தும்பைப்பட்டியில் பிறந்தவரும், பிற்காலத்தில் சென்னை மாநில அமைச்சராக விளங்கியவருமான பி. கக்கன் அக்குழுவில் இருந்தார். கோயிலின் நிர்வாக அதிகாரி ஆர். எஸ். நாயுடு அவர்களை வரவேற்றார். எதிர்ப்பும் எழுந்தது. அருச்சகர் சிலர் கோயில் தீட்டுப்பட்டுவிட்டது என்று கூறி, சில ஆண்டுகள் பணிக்கு வராமலே ஒதுங்கியிருந்தனர். நுழைந்தவர்கள்மீதும் நுழைய விட்டவர்கள்மீதும் வழக்கு வரலாம் என்ற நிலை இருந்தமையால், இராஜாஜியின் அமைச்சரவை அவ்வாண்டே அவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. சென்னை மாகாணம் முழுவதற்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் 1947-இல் வந்தது.

கோபுர வாயிலிலிருந்து அம்மன் சன்னிதி ஒரு கூப்பிடு தூரங்கூட இல்லை. ஆங்கிலேயர் சொல்லும் கல்லெறி தூரந்தான். கக்கன் பிறந்த ஊரோ மேலூருக்கும் அப்பால். எல்லோருக்கும் கதவு திறக்கும் வரை இக்கோயிலுள் நுழையாதிருந்த காந்தியடிகள், 1946-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மதுரைக்கு வந்து, மக்கள் கூட்டத்தின் நடுவே அந்தத் தூரத்தை நடந்தார்.